கறுப்புச் சேற்றில் ஒளிர்ந்த புள்ளிகள்: பெங்களூரு ஏரி ஒன்றில் டிஎன்ஏ மைக்ரோஅரே – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரின் மழைநீரும் கழிவுநீரும் மூன்று பள்ளத்தாக்குகள் வழியாக ஊரை விட்டு வெளியேறுகின்றன. ஹெப்பாள் பள்ளத்தாக்கும் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கும் தென்பெண்ணையில் போய்ச் சேரும். மூன்றாவதான விருஷபாவதிப் பள்ளத்தாக்கின் நீர், அர்க்காவதி ஆறு வழியாகக் காவிரிக்குப் போகும். நுரை பொங்கியும் தீப்பிடித்தும் செய்தியான பெல்லந்தூர் ஏரி கோரமங்களா வழியில் இருக்கிறது. இங்கே பதிவாகும் ஏரி அது அல்ல, ஹெப்பாள் வழியில் உள்ள நடுத்தர அளவுள்ள வேறொன்று. எந்த ஏரி என்பது இந்த ஆய்வுக்கு முக்கியமில்லை.

அந்த ஏரிக்கு ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக வரும் மழைநீர் தவிர, பக்கத்திலேயே இருக்கும் எஸ்டிபி, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், சுத்திகரித்து விடும் தண்ணீரும் வருகிறது. அது நேரே ஏரியில் விழாமல், சம்பங்கோரை வளர்ந்த ஒரு சதுப்புப் பகுதியைத் தாண்டித்தான் உள்ளே போகும். குடியிருப்போர் சங்கத்தார் சொந்தச் செலவில் நீரைப் பரிசோதித்துவந்தார்கள். உள்ளே வரும் தண்ணீரில் இருந்த அம்மோனியா, மறுகரையில் வெளியேறும்போது வெகுவாகக் குறைந்திருந்தது. அந்தச் சமயத்தில் ஏரியைத் தூர்வாரும் யோசனை வந்தது. சங்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. சேற்றை அள்ளினால்தான் ஏரி பிழைக்கும் என்று ஒரு தரப்பு. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அந்தச் சேற்றில்தானே இருக்கிறது, அதை அள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு தரப்பு. எங்கள் ஆய்வுக் குழுவிடம் வந்த கேள்வி இதுதான்.

குழுவில் பேராசிரியர் நெல்லைக்காரர். ஆய்வு மாணவி கிருஷ்ணகிரி பக்கம். பெங்களூர் ஏரிகளின் தண்ணீர் கடைசியில் தன் ஊர் அணைக்கு வருகிறது என்பது அவருக்குப் பாடப்புத்தகச் செய்தி அல்ல. சங்கத்தின் செயலாளரும் தமிழர், அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். சிப், அதாவது தலைப்பில் சொன்ன மைக்ரோஅரே, தொடர்பான வேலையைப் பார்த்துக்கொண்டது நான்.

அம்மோனியா குறைந்தால் உடனே பாக்டீரியாவுக்கு மாலை போட்டுவிட முடியாது. கோரையும் பாசியும் அதை உரமாக உறிஞ்சிக்கொள்ளும். பாசி மிகுந்த ஏரியில் வெயில் ஏற ஏற நீரின் பிஎச் 9-ஐத் தாண்டும். 25 டிகிரியில் பிஎச் 9.25 ஆகும்போது நீரிலுள்ள அம்மோனியத்தில் பாதி, வாயுவாகப் பறக்கக்கூடிய அம்மோனியாவாக மாறியிருக்கும். இவற்றுக்கெல்லாம் பிறகுதான் நைட்ரஜனேற்றம், அதாவது பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது.

ஏன் சிப்?

சேற்றில் உள்ள நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளராது. அதனால் உயிரை வளர்க்காமல் அதன் டிஎன்ஏவைப் படிக்கும் முறைகள் வந்தன. மைக்ரோஅரே அவற்றில் ஒன்று. தெரிந்த ஜீன்களிலிருந்து எடுத்த சிறு துண்டுகளை, அதாவது ப்ரோப்களை, கண்ணாடி ஸ்லைடில் வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். மண்ணிலிருந்து பிரித்த டிஎன்ஏவில் ஒளிரும் சாயம் ஏற்றி மேலே ஊற்றினால், ஜோடி கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கழுவி, லேசர் ஸ்கேனரில் வைத்தால் ஒட்டிய புள்ளி ஒளிரும்.

இதில் பெரிய வகைகள் அமெரிக்காவில் உருவாயின. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஃபைலோசிப், ரைபோசோம் ஜீனை வைத்து யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும். அதன் மூன்றாம் பதிப்பில் ஏறத்தாழ 60,000 வகைகளுக்கு ப்ரோப்கள் உண்டு. 2010-ல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவின்போது ஆழ்கடலில் எந்த பாக்டீரியா பெருகியது என்று பார்க்க இதைத்தான் பயன்படுத்தினார்கள். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் உருவான ஜியோசிப், என்ன வேலைக்கான ஜீன்கள் இருக்கின்றன என்று கேட்கும். எங்கள் கேள்வி இரண்டாவது வகை. டிஎன்ஏவின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் வரிசைப்படுத்தல், அந்த நாளில் பெருமளவில் செய்ய எங்கள் பட்ஜெட்டுக்குள் வரவில்லை. புள்ளி வைக்கும் கருவியும் ஸ்கேனரும் கையில் இருந்தன. ஆகவே நாங்களே ஒரு சின்ன சிப் செய்தோம்.

அதில் அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் நொதிக்கான அமோ-ஏ, மீத்தேனைத் தின்னும் நொதிக்கான பிமோ-ஏ, மீத்தேனை உண்டாக்கும் எம்சிஆர்-ஏ, சல்பேட்டைச் சிதைக்கும் டிஎஸ்ஆர்-பி, நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும் நிர்-எஸ், நாஸ்-இசட் ஆகிய ஜீன்களுக்கு 50 டிஎன்ஏ எழுத்து நீள ப்ரோப்கள் வைத்தோம். வேறு ஜீனோடு 90 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகக் கூடாது, தொடர்ச்சியாக 20 எழுத்துக்கு மேல் பொருந்தக் கூடாது, பிணைப்பு ஆற்றல் குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது என்ற ஜியோசிப் விதிகளையே பின்பற்றினோம். இந்தக் கணக்கை அன்றைய பொது ஜீன் தரவுத்தளத்தில் இருந்த வரிசைகளோடு மட்டுமே போட முடியும். இதை அப்போதே அறிக்கையில் எழுதி வைத்தோம். யாரும் அந்த வரியை இரண்டாவது தடவை படிக்கவில்லை.

மாதிரியும் ஸ்லைடும்

எஸ்டிபி தண்ணீர் விழும் இடம், கோரையின் வேர்ப்பகுதி, ஏரியின் நடு என மூன்று இடங்களில், அடியைக் கவ்வி அள்ளும் கிராப் கருவியால் சேறு எடுத்தோம். நடு ஏரிச் சேறு கரிய நிறம். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். கருவி அடியைத் தொட்டவுடனே குமிழ்கள் மேலே வந்தன. பரிசல்காரருக்கு அது பழகிய விஷயம், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிரித்த டிஎன்ஏ முதலில் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. மண்ணின் ஹ்யூமிக் அமிலம் டிஎன்ஏவோடு சேர்ந்தே வரும். அது இருந்தால் சாயம் ஏற்றும் நொதியும் சரியாக வேலை செய்யாது, ஸ்லைடில் பின்னணியும் மங்கலாகும். 260, 230 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற விகிதம்தான் சுத்தத்துக்கு அளவுகோல்; அது சரியாகும்வரை சுத்தம் செய்தோம். டிஎன்ஏ குறைவாகக் கிடைத்த மாதிரியை ஃபை29 நொதியால் பெருக்கிவிடலாமா என்ற பேச்சு வந்தது. பெருக்கும்போது எல்லா ஜீனும் ஒரே அளவில் பெருகாது, எது அதிகம் எது குறைவு என்பதே மாறிப்போகும். அதனால் பெருக்காமல், கூடுதலாகச் சேறு எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் பல ஆய்வகங்கள் சறுக்குகின்றன. சிவப்பில் ஒளிரும் சை5 சாயத்துக்கு ஓசோன் ஆகாது. கழுவி உலர்த்தும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அறைக் காற்றில் ஓசோன் இருந்தாலே சாயம் மங்கிவிடும். வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் ஓசோன் மதியத்தில்தான் உச்சத்தில் இருக்கும். சாலையோரக் கட்டடத்தில் இருந்த எங்கள் ஆய்வகத்தில், கழுவுவதும் ஸ்கேன் செய்வதும் விடியற்காலை வேலையாயின. மதியம் கழுவிய ஸ்லைடையும் காலையில் கழுவியதையும் அருகருகே திரையில் வைத்தால், சிவப்பு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

முதல் படங்கள்

நடு ஏரிச் சேற்றின் ஸ்லைடில் மீத்தேன் உண்டாக்கும் ஜீனும் சல்பேட் சிதைக்கும் ஜீனும் பளிச்சென்று இருந்தன. குமிழும் நாற்றமும் ஏற்கெனவே சொன்னதுதான் அது. எதிர்பாராதது, அமோ-ஏ வரிசையும் நன்றாக ஒளிர்ந்தது. கோரை வேரிலிருந்து எடுத்த மாதிரியைவிடச் சில புள்ளிகள் நடு ஏரியில் அதிகப் பிரகாசம்.

சங்கத்தில் தூர்வாரலை எதிர்த்தவர்களுக்கு இது பிடித்த முடிவு. ‘சேற்றில் அம்மோனியா தின்னும் ஜீன் ஏராளம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் மறுநாளே மனுவில் ஏறியிருக்கும்.

பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. “ஏம்மா, இது கறுப்புச் சேறு. இதுல ஆக்சிஜன் எங்க இருக்கு?”

அமோ-ஏ நொதிக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் மீத்தேன் உண்டாகாது. இரண்டும் ஒரே கைப்பிடிச் சேற்றில் செழித்திருப்பதாக சிப் சொன்னது.

மாணவி பிரகாசத்தின் வரிசைப்படி புள்ளிகளை அடுக்கிப் பார்த்தார். அமோ-ஏ பட்டியலில் முதலிடத்தில் இருந்தது நைட்ரோசோகாக்கஸ் ஓசியானி. “சார், இது கடல் பாக்டீரியா. பெங்களூர் ஏரியில எப்படி?” என்றார். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், எந்தக் கடலுக்கும் பக்கத்தில் இல்லாத நன்னீர் ஏரி. கணினி நிரல் அந்தப் புள்ளிக்கு ‘உறுதி’ என்று மதிப்பெண் போட்டிருந்தது. பின்னணியைவிட எத்தனை மடங்கு பிரகாசம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், கடல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அன்று எடுத்த முடிவு: சங்கத்துக்கு எதுவும் சொல்வதில்லை. செயலாளருக்குக் கோபம். “ஏம்ப்பா, தூர்வாரலாமா கூடாதா, அதைத்தானே கேட்டோம்? மெஷின்தான் சொல்லிடுச்சாமே!” என்றார். இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று பேராசிரியரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்று விளக்கங்கள்

முதலாவது, தவறான ஒட்டு. அமோ-ஏவும் பிமோ-ஏவும் ஒரே மூதாதை ஜீனின் இரு கிளைகள். நொதிகளும் அப்படித்தான்; மீத்தேன் தின்னி மெதுவாக அம்மோனியாவையும் ஆக்சிஜனேற்றும், அம்மோனியா தின்னி மீத்தேனையும் கொஞ்சம் தொடும். காமாபுரோட்டியோபாக்டீரியா வகுப்பைச் சேர்ந்த நைட்ரோசோகாக்கஸின் அமோ-ஏ, அதே வகுப்பிலுள்ள மீத்தேன் தின்னிகளின் பிமோ-ஏவுக்கு இன்னும் நெருக்கம். மீத்தேன் குமிழ் விடும் ஏரியில் மீத்தேன் தின்னிகளுக்குப் பஞ்சம் இருக்காது.

இரண்டாவது, வந்து சேர்ந்த சரக்கு. எஸ்டிபியின் காற்றூட்டும் தொட்டியில் நைட்ரஜனேற்ற பாக்டீரியா வளர்கிறது. அதன் துணுக்குகள் வெளியேறும் நீரோடு வந்து ஏரியடியில் படியும். செத்த செல்லின் டிஎன்ஏவும் சேற்றில் நாளாகியும் அழியாமல் கிடக்கும். சிப்புக்கு உயிருள்ளது, இல்லாதது என்ற பேதம் கிடையாது.

மூன்றாவது, சேற்றின் மேல்தோல். மேலே சில மில்லிமீட்டருக்கு ஆக்சிஜன் இறங்கலாம். கிராப் கருவி மேலும் கீழும் கலக்கி அள்ளுவதால் அது மறைந்திருக்கலாம்.

சோதித்த விதம்

தவறான ஒட்டைப் பார்க்க, முதலில் மெத்திலோகாக்கஸ் கேப்சுலேட்டஸ் என்ற மீத்தேன் தின்னியின் தூய டிஎன்ஏவை மட்டும் ஸ்லைடில் ஊற்றினோம். நைட்ரோசோகாக்கஸ் புள்ளி லேசாகத்தான் தெரிந்தது. ப்ரோப் வடிவமைப்பு விதி தன் வேலையைச் செய்திருந்தது. இங்கேயே நிறுத்தியிருந்தால் ப்ரோப் சரி என்று நம்பியிருப்போம். ஆனால் ஏரியில் இருப்பது ஆய்வக வளர்ப்பு அல்லவே. அதனால் அமோ-ஏ, பிமோ-ஏ இரண்டையுமே பெருக்கக்கூடிய ஏ189–ஏ682 ப்ரைமர் ஜோடியால், அதாவது பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளால், ஏரிச் சேற்றின் டிஎன்ஏவைப் பெருக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக நகலெடுத்து (குளோன் செய்து), சிலவற்றை வரிசைப்படுத்தினோம். வந்தவற்றில் பல பிமோ-ஏ. அதில் ஒரு குளோனை மட்டும் தனியாகச் சாயமேற்றி ஊற்றியபோது, கடல் பாக்டீரியாவின் பெயர் தாங்கிய அதே புள்ளி பளிச்சிட்டது. தரவுத்தளத்தில் இல்லாத உள்ளூர் மீத்தேன் தின்னி ஒன்று, அந்த 50 எழுத்தில் பெரும்பாலானவற்றோடு பொருந்தியிருந்தது.

ஸ்லைடில் டிஎன்ஏ ஒட்டும்போது வைக்கும் வெப்பத்தை 42 டிகிரியிலிருந்து 50-க்கு ஏற்றினோம். அந்தப் புள்ளி அணைந்தது. அதோடு சில நியாயமான புள்ளிகளும் சேர்ந்தே அணைந்தன. வெப்பத்தை ஏற்றினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை ஆய்வகங்களில் பரவலாக உண்டு. சரியாகும், கூடவே உண்மையும் கொஞ்சம் போகும். எனவே பழைய வெப்பத்திலேயே இருந்துகொண்டு, குளோனோடு ஒட்டிய ப்ரோப்களை மட்டும் கணக்கிலிருந்து நீக்கினோம். ஒரு ஜீனுக்குப் பல ப்ரோப்கள் சேர்ந்து ஒளிர்ந்தால்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று.

இத்தனைக்கும் பிறகு, நைட்ரோசோமோனாஸ் என்ற இன்னொரு அம்மோனியா தின்னி வகையின் அமோ-ஏ மட்டும் நிலைத்து நின்றது. அது உண்மையான அமோ-ஏ. எங்கிருந்து வந்தது என்பதுதான் மீதிக் கேள்வி. எஸ்டிபி நீரை வடிகட்டி, வடிதாளில் தங்கியதை சிப்பில் போட்டோம். நடு ஏரியில் ஒளிர்ந்த நைட்ரோசோமோனாஸ் புள்ளிகள் அதே அமைப்பில் இங்கேயும் ஒளிர்ந்தன.

அப்புறம் ஹார்டுவேர் கடையில் வாங்கிய பிவிசி குழாயைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி, கலங்காமல் எடுத்து, மேல்தோலைத் தனியாகவும் அடியைத் தனியாகவும் வெட்டினோம். இந்த முறை ஆர்என்ஏ. எந்த ஜீன் இப்போது வேலையில் இருக்கிறது என்பதை அதுதான் காட்டும். பாக்டீரியாவின் தூது ஆர்என்ஏ சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும் என்பதால் கரையிலேயே திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். புகை கக்கும் குடுவையை எந்த ஆட்டோக்காரரும் ஏற்றவில்லை. நிறுவனத்து ஜீப் கிடைக்கும்வரை வேலை தள்ளிப்போனது. கோரை வேர்ப்பகுதியின் மேலடுக்கில் அமோ-ஏ ஆர்என்ஏ தெளிவாகக் கிடைத்தது. நடு ஏரியின் மேல்தோலில் மங்கல். அடிச்சேற்றில் எங்கள் முறைக்கு எட்டும் அளவில் எதுவும் இல்லை.

கடைசியாகச் செய்தது 1980-லேயே வெளிவந்த பழைய முறை. சேற்றை நீரில் கரைத்து, அம்மோனியம் சேர்த்துக் குலுக்கிக்கொண்டே இருப்பது. நைட்ரைட் மேற்கொண்டு நைட்ரேட்டாக மாறாமல் குளோரேட்டால் தடுத்து, நைட்ரைட் எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்று நிறமானியில் பார்ப்பது. வேர்ப்பகுதிச் சேற்றில் நைட்ரைட் உடனே ஏறியது. கறுப்புச் சேற்றில் நெடுநேரம் அசைவே இல்லை, பிறகு மெல்ல ஏறியது. உறங்கிக்கிடந்த சில செல்கள் காற்று கிடைத்ததும் விழித்திருக்க வேண்டும். சிப், ஸ்கேனர், சாயம் இவற்றுக்கு ஆன செலவில் சிறு துளிதான் இந்தக் குடுவைச் சோதனைக்கு. என் கணிப்பில் இதை முதலில் செய்திருக்கலாம். ஆனால் எந்தச் சேற்றில் எந்த ஜீனைத் தேட வேண்டும் என்ற வரைபடத்தை சிப்தான் கொடுத்தது என்பதையும் மறுக்க முடியாது.

அறிக்கையும் அதன் பின்னும்

சங்கத்துக்குக் கொடுத்த அறிக்கை இரண்டு பக்கம். அம்மோனியா ஆக்சிஜனேற்றம் நடப்பதற்கான சான்று சதுப்பின் வேர்ப்பகுதியில் இருக்கிறது. நடு ஏரியின் கறுப்புச் சேற்றில் காணப்படும் ஜீன், பெரும்பாலும் எஸ்டிபியிலிருந்து வந்து படிந்தது. எனவே நடுவில் தூர்வாருவதால் நைட்ரஜனேற்றத்துக்குப் பெரிய இழப்பு வராது. சதுப்பையும் சேர்த்துச் சுரண்டினால் வரும். கோரையை ஒரேயடியாக வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டலாம். அம்மோனியா குறைவதில் பாசியின் பங்கு எவ்வளவு, காற்றில் பறப்பது எவ்வளவு என்பதை இந்த ஆய்வு அளக்கவில்லை என்பதையும் எழுதினோம்.

தூர்வாரல் வரைபடத்தில் சதுப்பைச் சுற்றி ஒரு கோடு போட்டு ஒதுக்கினார்கள். டெண்டர் இழுத்துக்கொண்டே போனது வேறு கதை.

2015-க்குப் பின்

2015 இறுதியில் வியன்னாவிலிருந்தும் நெதர்லாந்தின் நைமேகனிலிருந்தும் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் ஒரு செய்தியை வெளியிட்டன. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட்வரை முழுப் பாதையையும் தனி ஒரு உயிரே செய்து முடிக்கிறது. அது நைட்ரோஸ்பைரா வகை. அதுவரை இரண்டு வகை பாக்டீரியா பங்குபோட்டுச் செய்யும் வேலை என்றுதான் பாடம். வியன்னா குழுவின் மூல மாதிரி ரஷ்யாவில் ஒரு எண்ணெய்த் துளைக் கிணற்றில், 1,200 மீட்டர் ஆழத்தில், வெந்நீர்க் குழாயில் படிந்திருந்த படலம்.

எங்களுக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கட்டுரைகளின் இன்னொரு பகுதி. 2006-ல் க்ரெனோத்ரிக்ஸ் என்ற மீத்தேன் தின்னிக்குரிய ‘வழக்கத்துக்கு மாறான’ பிமோ-ஏ என்று பதிவான வரிசைகள், உண்மையில் இந்த நைட்ரோஸ்பைராவின் அமோ-ஏ வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. எங்கள் சிப்பில் அந்த வரிசையிலிருந்து எடுத்த ப்ரோப்கள் இருந்தன, மீத்தேன் பிரிவில். மாணவி அதற்குள் பட்டம் முடித்துப் போய்விட்டார். பழைய ஸ்கேன் கோப்புகளையும் ப்ரோப் வரிசைகளையும் முழுதாகச் சேமித்து வைத்திருந்தார். திறந்து பார்த்தோம். கோரை வேர்ப்பகுதியில் அந்தப் புள்ளிகள் நன்றாகவே ஒளிர்ந்திருந்தன. அம்மோனியா தின்னி என்று பெயர் எழுதிய ஒரு புள்ளி மீத்தேன் தின்னியாக முடிந்தது. மீத்தேன் தின்னி என்று எழுதியவை அம்மோனியா தின்னியாக முடிந்தன.

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீஸரில் மிச்சமிருந்த வேர்ப்பகுதி டிஎன்ஏவிலிருந்து அந்த ஜீனைப் பெருக்கி வரிசைப்படுத்தினோம். நைட்ரோஸ்பைராதான். சதுப்பைப் பற்றிய முடிவு மாறவில்லை, இன்னும் வலுத்தது. அட்டவணையைத் திருத்தி சங்கத்துக்கு ஒரு பக்கம் அனுப்பினோம். மழைக்கு முன்னால் கோரையை வெட்டிக்கொள்ளலாமா என்று செயலாளர் பதில் எழுதியிருந்தார்.

இன்று செய்தால்

இன்று வரிசைப்படுத்தல் மலிந்துவிட்டது. இதே கேள்விக்குப் புதிதாக சிப் செய்ய மாட்டோம். சிப்பில் இல்லாததை சிப் காட்டாது, வரிசைப்படுத்தல் காட்டும். ஆனால் வரிசைகளுக்குப் பெயர் சூட்டுவது அதே தரவுத்தளம்தான். அந்தச் சிக்கல் இடம் மாறியிருக்கிறதே தவிரத் தீரவில்லை. ஒரே ஏரியை ஆண்டுக்கணக்கில், ஒரே ஜீன் பட்டியலோடு கண்காணிக்க வேண்டுமென்றால் சிப்புக்கு இன்னும் இடம் உண்டு என்பது என் கருத்து. வேறு சிலர் குழுவிலேயே ஒத்துக்கொள்வதில்லை.

வேலையின் வரிசையும் மாறும். முதலில் குடுவைச் சோதனை, பிறகு கலங்காமல் எடுத்த குழாய் மாதிரி, அதற்குப் பிறகுதான் ஜீன். எஸ்டிபி நீரை முதல் நாளிலிருந்தே ஒரு மாதிரியாகச் சேர்த்துக்கொள்வோம். ஏரிக்கு வெளியிலிருந்து என்ன வருகிறது என்று தெரியாமல் ஏரிக்குள் இருப்பதைப் பற்றிப் பேச முடியாது. முடிவு அட்டவணையில் உயிரியின் பெயருக்குப் பக்கத்தில் ப்ரோப்பின் முழு வரிசையும், அது எந்த ஆண்டின் தரவுத்தளத்தோடு ஒப்பிடப்பட்டது என்பதும் கட்டாயம் இருக்கும். எங்கள் ஆய்வகத்தில் இப்போது அந்த இரண்டு விவரமும் இல்லாத அட்டவணையைப் பேராசிரியர் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.